அப்பாவுக்கு அரசு அட்டை வந்தது, அலுவலகக் காப்பீட்டிலிருந்து அம்மாவின் பெயரும் போகிறது

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. அலுவலகக் குழு மருத்துவக் காப்பீட்டில் 6 ஆண்டுகளாகப் பெற்றோரும் இருக்கிறார்கள். 4 லட்சம் ரூபாய் வரை. அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது இருவரையும் நீக்கப்போகிறார்களாம். 2024 அக்டோபர் முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பாராமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறதே என்கிறது மனிதவளப் பிரிவு.

அப்பாவுக்கு 73, அட்டை எடுத்தாயிற்று. ஆனால் அவர் இதயத்துக்குக் காட்டும் மருத்துவமனை அத்திட்டப் பட்டியலில் இல்லை. அம்மாவுக்கு 66, அட்டையே கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பாவின் ஓய்வூதியமே அதைத் தாண்டிவிடுகிறது. ஒருவருக்குக் கிடைத்ததைக் காட்டி இருவரையும் வெளியே அனுப்புவது என்ன கணக்கோ!

முழு பிரீமியத்தையும் நானே கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் புதிய பாலிசி கேட்ட இரண்டு இடங்களில் ஒன்று நிராகரித்தது. மற்றொன்று அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவைக் கோர 3 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு என்று படித்துவிட்டுக் கிளைக்குப் போனால், மேசைக்கு ஒரு பதில் வருகிறது.

குழுக் காப்பீட்டிலிருந்து பெற்றோரைத் தனிநபர் பாலிசிக்கு மாற்றி, பழைய ஆண்டுகளைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொண்டவர்கள் எந்த ஆவணங்களுடன், யாரிடம் விண்ணப்பித்தீர்கள்?