தோலுக்கு மாட்டு மீத்தேன் சைபரா? யார் சொன்னது?

ராணிப்பேட்டை_கணக்கன்: பக்கத்து இழையில ஒரு மேதாவி எழுதியிருக்காரு: "தோல் கறிக்கடைக் கழிவு, அதனால மாட்டோட மீத்தேன் அதுக்கு சைபர். ஆம்பூர் ஷூதான் கார்பன் கம்மி." கழிவுன்னா மண்டியில ஏன் விலை பேசுறீங்க? கத்தி வெட்டு, உண்ணிக் கடி பார்த்து ரகம் பிரிச்சு வாங்குறது குப்பையையா?

எருமைக்கு ஐபிசிசி (ஐ.நா.வோட பருவநிலைக் குழு) 2006 வழிகாட்டி தர்ற எண் வருஷத்துக்கு 55 கிலோ மீத்தேன். மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு சூடேத்தும்னு கணக்கு, அதனால 28ஆல பெருக்கினா 1,540 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 5 வருஷத்துக்கு 7,700. பேச்சுக்கு அதுல 3% தோல் தலையில கட்டுங்க, 231 கிலோ. தோல் 30 சதுர அடி, ஒரு ஜோடி ஷூவோட மேல்பாகத்துக்கு 2 சதுர அடின்னு வெச்சா ஜோடிக்கு 15 கிலோ. 2013ல அமெரிக்க எம்ஐடி ஆய்வு ஒரு ஜோடி ஓட்ட ஷூவுக்கு மொத்தமா போட்டதே சுமார் 14தான்!

ஆம்பூர்_அப்பர்: வந்துட்டாருய்யா ஆடிட்டர். எருமையை எவனாவது ஷூவுக்காக வளர்க்கிறானா? பால் கறந்தவன் கணக்கு எங்க? கன்னுக்குட்டி பொறந்த அன்னிக்கே 55 கிலோ ரேட்டுல விடுமா? வெறும் பால் குடிக்கிற வரைக்கும் அதுக்கு மீத்தேனே கிடையாது.

காட்பாடி_குமரன்: மாடு குசு விட்டா நம்ம தோல் பதனிடுற டேனரி மேல பழியா 😂

ராணிப்பேட்டை_கணக்கன்: குசு இல்ல தம்பி, ஏப்பம். பெரும்பங்கு வாய் வழியாத்தான் வருது. இதுகூடத் தெரியாம விவாதத்துக்கு வந்துடுறீங்க.

அப்பர் அண்ணே, பாலுக்கும் கறிக்கும் போக மிச்சம்தான் அந்த 3. பிடிக்கலையா, 1ன்னு போடுங்க. ஜோடிக்கு 5 கிலோ. சைபர் வருதா?

வாணியம்பாடி_ட்ரம்: மாட்டை விடுங்க பாய். டேனரிக் கழிவுத் தண்ணியை வடிகட்டுற ஆர்.ஓ. கழிச்சுத் தள்ளுற உப்புத் தண்ணியை எவாப்பரேட்டர்ல சுண்டவைக்கிற நீராவிக்கு யார் கணக்கு எழுதுறது? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தனிக் கம்பெனி. அது எரிக்கிறது டேனரியோட ஸ்கோப் 1ல (நாமே நேரா விடுற புகை) வராது, ஸ்கோப் 3ல (நமக்காக வெளியாள் விடுற புகை) கழிவு வகையில வரணும். ஷூ கம்பெனிக்கு அனுப்புற படிவத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு "எங்க பாய்லர் சின்னது"ன்னு பீத்திக்கறது.

ஆம்பூர்_அப்பர்: எங்க பாய்லர் சவுக்கு விறகுல ஓடுது. கார்பன் சைபர்.

ராணிப்பேட்டை_கணக்கன்: இவருக்கு எல்லாமே சைபர்! விறகோட கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புக்கு வெளிய தனியா காட்டணும், மறைக்கக் கூடாது. அதே புகையில வர்ற மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ரெண்டும் ஸ்கோப் 1லதான். ஈர விறகைப் போட்டு மூச்சுமுட்டவெச்சா மீத்தேன் ஏறும். லாரியில இறக்கின விறகை அப்படியே வாயில தள்ளாதீங்க, கூரைக்குக் கீழ காயவிட்டுப் போடுங்க.

வாலாஜா_நைனா: அப்ப எல்லாரும் ரெக்சின் போட்டுக்கலாமா? "வீகன் லெதர்"னு விக்கிறது பாலியெஸ்டர் துணி மேல பாலியூரித்தேன் பூச்சு. ரெண்டுமே பெட்ரோலியம். ஒரு மழைக்காலம் போனா உரிஞ்சு தொங்கும், அப்புறம் இன்னொரு ஜோடி வாங்கு.

ராணிப்பேட்டை_கணக்கன்: ரெக்சினை யாரு கேட்டா? உப்பு இழையிலயும் இதே வேலைதான் செஞ்சீங்க நைனா, கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. என் கேள்வி தோலுக்கு மாட்டுப் பங்கு சைபரா இல்லையா?

வாலாஜா_நைனா: உப்பு இழையில ஓடிப் போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

வாணியம்பாடி_ட்ரம்: எவாப்பரேட்டருக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, கவனிச்சுக்கோங்க.

ஆம்பூர்_அப்பர்: இன்னாபா இது, ராணிப்பேட்டையில ஒரு ஷூ தைக்கத் தெரியாது, நம்மளுக்குக் கணக்கு சொல்ல வந்துக்கீறாங்க. வெளிநாட்டு பிராண்டுக்காரன் சைபர் போட்டா அவன் அறிக்கை, அவன் பாடு.

ராணிப்பேட்டை_கணக்கன்: அவன் போடுறது உங்ககிட்ட வாங்கின தாளை வெச்சுத்தான் அண்ணே. காசு குடுத்து வாங்கின தோல் உடன்விளைபொருள், அதாவது கறியோட சேர்ந்தே கிடைக்கிற சரக்கு, கழிவு இல்ல. பொருளோட வாழ்நாள் பாதிப்பைக் கணக்குப் போடுற சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 14044 அதுக்கும் பங்கு பிரிக்கச் சொல்லுது. எடையா, விலையான்னு வேணா சண்டை போடலாம். எடையில பிரிச்சா உங்களுக்கு இன்னும் அடி, பச்சைத் தோல் அவ்வளவு கனம். விலையில பிரிச்சாத்தான் கம்மி. ரெண்டுலயும் சைபர் வராது.

ஆம்பூர்_அப்பர்: தோல் விலை விழுந்து, வாங்க ஆள் இல்லாம புதைக்கறாங்களே, அப்ப?

ராணிப்பேட்டை_கணக்கன்: புதைச்ச தோல்ல ஷூ தைக்கிறீங்களா?

காட்பாடி_குமரன்: 🍿