ஸ்ப்ளங்க் மேக்ரோல ஆர்குமென்ட் குடுத்தா 381 சதவீதம்னு வருது, எங்க தப்பு?

ராத்திரி_ஷிஃப்ட்:
வணக்கம் மக்களே, சப்போர்ட் டீம்ல சேந்து நாலு மாசம்தான் ஆகுது, ஸ்ப்ளங்க்கும் (லாக்ல தேடி கணக்கு போடற சாஃப்ட்வேர்) அப்பதான் கத்துக்க ஆரம்பிச்சேன் அதனால ரொம்ப சில்லியா இருந்தா திட்டாதீங்க. ஒரே கணக்கை பன்னெண்டு இடத்துல காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்காங்க, சரி மேக்ரோ (ஒரு தடவ எழுதி பேரு வச்சுட்டு வேணுங்கற இடத்துல கூப்பிடற துண்டு) ஆக்கிடலாம்னு செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு சர்ச் போய் சர்ச் மேக்ரோஸ்ல ஒண்ணு போட்டேன். ஃபோன்ல டைப் பண்றேன், பேரெல்லாம் தமிழ்லயே எழுதுறேன், அப்படியே காப்பி பண்ணிடாதீங்க.

பேரு: சதவீதம்(2)
ஆர்குமென்ட்ஸ்: மேல, கீழ
டெஃபனிஷன்: ரவுண்ட்($மேல$/$கீழ$*100, 2)

முதல்ல பேர்ல (2), அதாவது எத்தன ஆர்குமென்ட் (கூப்பிடறப்ப உள்ள அனுப்பறது)னு, போடாம விட்டுட்டேன், மேக்ரோவே கிடைக்கலன்னு எரர் வந்துச்சு, அதுல அரை மணி நேரம் போச்சு, அத நானே கண்டுபிடிச்சிட்டேன். இப்ப பிரச்சனை வேற. நான் கூப்பிடறது இப்படி (ஈவால்னா கணக்கு போட்டு ஒரு ஃபீல்டுல வைக்கற கமாண்ட்):

| ஈவால் விகிதம்=`சதவீதம்(ஃபெயில்+டைம்அவுட், மொத்தம்)`

ஃபெயில் 380, டைம்அவுட் 20, மொத்தம் 1600. கால்குலேட்டர்ல போட்டா 25 வருது. ஸ்ப்ளங்க்ல 381.25. நூத்துக்கு முன்னூத்தி எம்பத்தோரு பேருக்கு எப்படிங்க ஃபெயில் ஆகும். இதே வரிய மேக்ரோ இல்லாம நானே கையால எழுதினா 25 கரெக்டா வருது. பைத்தியம் புடிக்குது.

பைப்_பிரியன்:
ப்ரோ மேக்ரோவ ஃபங்ஷன்னு நெனச்சுட்டீங்க அதான். அது வெறும் எழுத்த எடுத்து எழுத்து இருக்கற இடத்துல ஒட்டற வேலைதான் செய்யும், நீங்க அனுப்பினத கூட்டிப் பாத்துட்டு 400னு உள்ள அனுப்பாது. $மேல$ இருந்த இடத்துல ஃபெயில்+டைம்அவுட்னு அப்படியே வந்து உக்காந்துடும், அப்ப வரி இப்படி ஆயிடும்:

ரவுண்ட்(ஃபெயில்+டைம்அவுட்/மொத்தம்*100, 2)

வகுத்தல்தான் முதல்ல நடக்கும்ல. 20/1600*100 = 1.25, அதோட 380. உங்க 381.25 வந்துடுச்சா. கையால எழுதறப்ப நீங்களே அறியாம அடைப்புக்குறி போட்டிருப்பீங்க. டெஃபனிஷன்ல ரெண்டு ஆர்குமென்டுக்கும் அடைப்பு போடுங்க, ($மேல$)/($கீழ$)*100, கீழ இருக்கறதுக்கும் சேத்து, ஏன்னா நாளைக்கு யாராவது அங்கயும் கூட்டல் அனுப்புவாங்க. சி லாங்குவேஜ்ல ஹேஷ் டிஃபைன் போட்டு அடி வாங்கினவங்களுக்கு இது பழைய காயம் :)

இன்னொண்ணு, சந்தேகம் வந்தா சர்ச் பார்ல வச்சு கண்ட்ரோல் ஷிஃப்ட் ஈ அழுத்துங்க (மேக்ல கமாண்ட் ஷிஃப்ட் ஈ). மேக்ரோ எல்லாம் விரிஞ்சு முழு தேடலும் கண்ணு முன்னாடி நிக்கும், மேக்ரோக்குள்ள மேக்ரோ இருந்தாலும் சரி. இது தெரியாம நான் ஒரு வருஷம் நோட்பேட்ல ஒட்டி ஒட்டி பாத்திருக்கேன், வெளிய சொல்லிக்காதீங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஐயோ ஆமா!! அடைப்பு போட்டேன் 25 வந்துடுச்சு. நன்றி ப்ரோ. அந்த கண்ட்ரோல் ஷிஃப்ட் ஈ செம. சரி இதே மாதிரி இன்னொண்ணும் இருக்கு, சர்வீஸ் பேர ஆர்குமென்டா வாங்கற மேக்ரோ, டெஃபனிஷன் சர்வீஸ்=$பேரு$. `சர்வீஸ்_லாக்("பேமென்ட் கேட்வே")`னு கோட்ஸ் போட்டுதான் அனுப்பறேன், ஆனா ஒண்ணுமே வரல. ஒரே வார்த்தை பேரா இருந்தா வருது.

லாக்_மூட்டை:
விரிச்சு பாத்தீங்களா? பாத்தா புரிஞ்சிருக்கும், வெளிய இருக்கற கோட்ஸ் ஆர்குமென்ட் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சொல்றதுக்கு மட்டும்தான், உள்ள போறப்ப கழண்டுடும். அதனால சர்வீஸ்=பேமென்ட் அப்புறம் தனியா கேட்வேன்னு ஒரு சொல், ரெண்டும் இருக்கற லாக் தேடுது. டெஃபனிஷன்லயே சர்வீஸ்="$பேரு$"னு கோட்ஸ் போட்டு வைங்க. அனுப்பற சொல்லுக்குள்ளயே நிஜமா கோட்ஸ் வேணும்னா முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும், பாக்க கண்றாவியா இருக்கும், முடிஞ்சவரை அந்தப் பக்கம் போகாதீங்க.

ஆர்குமென்ட் பேருக்கு இங்கிலீஷ் எழுத்து, நம்பர், அண்டர்ஸ்கோர், ஹைஃபன் மட்டும்தான் ஒத்துக்கும், புதுசா படிக்கறவங்க மேல இருக்கற தமிழ்ப் பேர அப்படியே போட்டுட்டு வந்து அழாதீங்க.

டேஷ்போர்டு_மாமா:
நானும் ஒரு கேள்வி நடுவுல, மன்னிக்கணும். ஈவால் பேஸ்டு டெஃபனிஷன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்குல்ல, அதுல இஃப் போட்டு ஸ்டேட்டஸ் 500க்கு மேல இருந்தா ஒண்ணு இல்லனா வேறன்னு எழுதினேன், எல்லா வரிக்கும் ஒரே மாதிரி வருது.

லாக்_மூட்டை:
மாமா அது லாக்க பாக்கவே பாக்காது. தேடல் ஓடறதுக்கு முன்னாடியே மேக்ரோ விரிஞ்சு முடிஞ்சிடும், அந்த நேரத்துல ஸ்டேட்டஸ்னு ஒரு ஃபீல்டே கிடையாது, அதுக்குத் தெரிஞ்சது நீங்க அனுப்பின ஆர்குமென்ட் மட்டும்தான். அந்த டிக் எதுக்குன்னா டெஃபனிஷன் தானே ஒரு ஸ்ட்ரிங்க செஞ்சு குடுக்கும், அந்த ஸ்ட்ரிங் தேடல்ல ஒட்டும். `எந்த_இன்டெக்ஸ்(டெஸ்ட்)`னு கூப்பிட்டா டெஸ்ட் இன்டெக்ஸ் (லாக் சேத்து வைக்கற இடம்), வேற என்ன குடுத்தாலும் புரொடக்‌ஷன்னு மாத்தறதுக்கு அருமையா இருக்கும். உங்களுக்கு வேண்டியது சாதா மேக்ரோ, உள்ள அந்த இஃப்ப அப்படியே எழுதி, டிக்க எடுத்துட்டு, வெளிய ஈவால் போட்டு கூப்பிடுங்க.

பைப்_பிரியன்:
அப்படியே வேலிடேஷன் எக்ஸ்ப்ரஷனையும் (அனுப்பின ஆர்குமென்ட் சரியான்னு சோதிக்கற கட்டம்) பாத்துருங்க, அத யாரும் தொடறதே இல்ல. நம்பர் வரவேண்டிய ஆர்குமென்டுக்கு இஸ்நம்($நாள்$)னு போட்டு கீழ எரர் மெசேஜ்ல "நாள் எண்ணிக்கைய நம்பரா குடு"ன்னு எழுதி வச்சா ராத்திரி மூணு மணிக்கு ஃபோன் வராது. டிஸ்டாட்ஸ் மாதிரி தானே டேட்டா எடுத்துட்டு வர்ற கமாண்ட்ல ஆரம்பிக்கற மேக்ரோன்னா முன்னாடி இருக்கற பைப்ப (| குறி) டெஃபனிஷனுக்குள்ள வைக்காதீங்க, கூப்பிடறப்ப வெளிய போடுங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:
எல்லாம் ஓடுது, ஆனா எனக்கு மட்டும்தான் ஓடுது. பக்கத்து சீட் அக்கா ஓட்டினா அதே மேக்ரோ கிடைக்கலன்னு எரர். ஸ்பெல்லிங் சரி, (2) சரி.

லாக்_மூட்டை:
அந்த எரர முழுசா படிங்க தம்பி, பேரு தப்பு, படிக்க பர்மிஷன் இல்ல, இந்த ஆப்புக்கு ஷேர் பண்ணல, மூணு காரணமும் அதுலயே எழுதியிருக்கும். புதுசா செஞ்ச மேக்ரோ உங்களுக்கு மட்டும் பிரைவேட்டா இருக்கும். பர்மிஷன்ஸ்ல போய் ஆப் லெவல்ல குடுங்க, வேற ஆப்ல இருக்கற டேஷ்போர்டுலயும் வேணும்னா குளோபல். அதுக்கு உங்க ரோலுக்கு உரிமை இருக்கணும், பட்டனே தெரியலன்னா அட்மின்கிட்டதான் கெஞ்சணும்.

அப்புறம் ஒரு சொந்தக் கதை. முன்னாடி இருந்த எடத்துல ரெண்டு ஆர்குமென்ட் மேக்ரோக்கு மூணாவதா ஒண்ணு தேவப்பட்டுச்சு, (3)ன்னு புதுசா செஞ்சுட்டு பழசு எதுக்குன்னு டெலிட் பண்ணிட்டேன். ஸ்ப்ளங்க்குக்கு (2) வேற மேக்ரோ (3) வேற மேக்ரோன்னு அப்ப எனக்கு ஒறைக்கல. பழச நம்பி ஆறு அலெர்ட் இருந்துச்சு, ஆறும் எரர் அடிச்சுட்டு கெடந்துச்சு, யாருக்கும் மெயில் வரல, மெயில் வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நாங்க ரெண்டு நாள் டீ குடிச்சுட்டு இருந்தோம். இப்பல்லாம் (2)ஐ அழிக்க மாட்டேன், அதோட டெஃபனிஷன்ல `சதவீதம்($மேல$, $கீழ$, 2)`னு (3)ஐ கூப்பிட்டு விட்டுடுவேன், மூணாவது ஆர்குமென்டுக்கு டீஃபால்ட் வச்ச மாதிரியும் ஆச்சு.

ராத்திரி_ஷிஃப்ட்:
அக்காவுக்கும் 25 வந்துடுச்சு 🙏 ரவுண்டுக்கு எத்தன தசமம்னு மூணாவது ஆர்குமென்டா போட்டேன், (2) அப்படியே இருக்கு. பன்னெண்டுல ஏழு இடம் மாத்திட்டேன், மீதி அஞ்சு எழுதினவரு லீவுல இருக்காரு, அவரு வந்தப்புறம் தொடறேன்.