மாலைச் சோர்வு: பேரீச்சை உருண்டையும் பழச்சாறும் ஏன் கைகொடுக்கவில்லை?

நாலுமணித்தூக்கம்:

அனைவருக்கும் வணக்கம். நாள்தோறும் மூன்றரை மணி ஆனால் போதும், கண் திரையில் இருக்கிறதே தவிர மனம் வேலையில் நிற்பதில்லை. பிஸ்கட்டையும் இரண்டாவது காபியையும் நிறுத்திவிட்டு, தாவர உணவுகளைக் கொண்டே இந்தச் சோர்வைப் போக்க முடியுமா என்று மூன்று வாரங்களாகச் சோதித்து வருகிறேன். கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், ஓட்ஸ் 100 கிராம், பாதாம் 50 கிராம் ஆகியவற்றை அரைத்துப் பன்னிரண்டு உருண்டைகளாகப் பிடித்துக்கொள்கிறேன். மாலையில் மூன்று உருண்டைகளும், இரண்டு ஆரஞ்சு, ஓர் ஆப்பிள், சிறிது கீரை சேர்த்து அரைத்து வடிகட்டிய ஒரு குவளைச் சாறும் எடுத்துக்கொள்கிறேன். சில நாள்களில் சாற்றுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்த பாதாம் பால். முதல் அரைமணி நேரம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு முன்பைவிட அதிகமாகத் தூக்கம் வருகிறது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத உணவு இப்படிச் செய்வது ஏன்?

அளவுக்கரண்டி:

நீங்கள் அளவுகளை எழுதியிருப்பதால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. உலர்ந்த பேரீச்சையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரை உண்டு. ஆகவே உங்கள் உருண்டை ஒவ்வொன்றிலும் சுமார் 11 கிராம், மூன்றில் 33 கிராம். சாற்றுக்குப் போகும் பழங்களிலிருந்து இன்னும் 40 கிராம் வரை சேரும். சர்க்கரை டப்பாவைத் திறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே வேளையில் உள்ளே போவது 70 கிராமைத் தொடுகிறது. இந்த அளவோடு ஒப்பிட்டால் புரதம் மிகக் குறைவு, மூன்று உருண்டைகளுக்கும் சேர்த்து ஏழெட்டு கிராம்தான்.

முழுப் பழத்தில் சர்க்கரை நார்ச்சத்தோடு பிணைந்திருப்பதால் குடலில் மெதுவாக இறங்குகிறது. அரைத்து வடிகட்டும்போது அந்த நாரைத்தான் நாம் தூக்கி எறிகிறோம். உலகச் சுகாதார நிறுவனமும் முழுப் பழத்தின் சர்க்கரையை விட்டுவிட்டு, பழச்சாற்றின் சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரையின் கணக்கில் சேர்க்கிறது. இரத்தத்தில் சர்க்கரை விரைவாக ஏறினால் இன்சுலினும் அதிகமாகச் சுரந்து அதை விரைவாக இறக்குகிறது; நீங்கள் சொல்லும் அரைமணிக்குப் பிந்தைய தூக்கத்தில் இதற்குப் பெரும்பங்கு இருக்கலாம்.

பேரீச்சையைப் பாதியாகக் குறைத்து, வறுத்த வேர்க்கடலை 100 கிராமும் பொடித்த ஆளி விதை 30 கிராமும் சேர்த்துப் பாருங்கள். ஓர் உருண்டைக்குச் சர்க்கரை ஆறு கிராமாக இறங்கும், புரதம் ஐந்து கிராம் அளவுக்கு ஏறும். ஆளி விதையை முழுதாகப் போட்டால் பெரும்பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடும். பொடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஊறிய கடலை:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஊக்கம் தரும் தின்பண்டம் என்றாலே இனிப்பு உருண்டைதான் என்று ஏன் முடிவு செய்துகொள்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. இரவில் ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் ஒன்பது கிராம், நார்ச்சத்து ஏழு கிராமுக்கு மேல், இரும்புச்சத்து ஏறத்தாழ மூன்று மில்லிகிராம். அதன்மேல் எலுமிச்சை பிழிவது சுவைக்காக மட்டுமன்று: தாவர இரும்பை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை, வைட்டமின் சி உடன் இருந்தால் ஈர்ப்பு கூடுகிறது. தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் அதைத் தடுக்கின்றன. எனவே கடலைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சோதனை சிவப்புக் காராமணி, ராஜ்மா என்று விரியுமானால், ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் தின்றுவிடாதீர்கள். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியை உண்டாக்கும்; ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்கு கொதிக்கவைத்தே உண்ண வேண்டும்.

நாலுமணித்தூக்கம்:

இருவருக்கும் நன்றி. சர்க்கரைக் கணக்கைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். பாதாம் பாலாவது புரதம் தரும் என்று நம்பியிருந்தேன், அதைத் தொடரலாமா?

அளவுக்கரண்டி:

சுவைக்காகத் தொடரலாம், புரதத்துக்காக வேண்டாம். வடிகட்டிய பிறகு புரதத்தின் கணிசமான பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். கடையில் விற்கும் பாதாம் பாலில்கூட ஒரு குவளைக்கு ஒரு கிராம் அளவே இருக்கும். சோயா பாலில் ஏழு கிராம் வரை உண்டு. பாதாம் சக்கையை எறியாமல் உருண்டையில் சேர்த்துவிடுங்கள்.

முதலில் உறக்கம்:

சற்று மாறுபட்ட கருத்து. பிற்பகலில் விழிப்பு தளர்வது உடலின் உள்கடிகாரத்தின் இயல்பு. எதுவும் உண்ணாதவருக்கும் அது வரும். காபியை நிறுத்தியதாக எழுதியுள்ளீர்கள். காபின் புதிய ஆற்றலைத் தருவதில்லை, மூளையில் தூக்க உணர்வை ஏற்படுத்தும் அடினோசினின் வழியை மறிக்கிறது, அவ்வளவே. அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் காபியை விட்டது நல்லது. எனினும் திடீரென நிறுத்தியவருக்குச் சில நாள்கள் சோர்வும் தலைவலியும் இருப்பது வழக்கம். உங்கள் முதல் வாரக் குறிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம்.

நீங்கள் பாலும் முட்டையும்கூட எடுத்துக்கொள்ளாதவர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைட்டமின் பி12 செறிவூட்டப்படாத தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். சோர்வு மாதக்கணக்கில் நீடித்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), பி12, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நாலுமணித்தூக்கம்:

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். உறங்கும் நேரத்தை மாற்றவில்லை. மாலை உணவை மட்டும் மாற்றினேன். முதல் ஐந்து நாள்கள் எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலையும் தண்ணீரும், அடுத்த ஐந்து நாள்கள் புதிய அளவில் இரண்டு உருண்டைகளும் சோயா பாலும். கடலை நாள்களில் தளர்வு வந்தது, ஆனால் முன்போல் ஆளைச் சாய்க்கவில்லை. உருண்டை நாள்களும் ஏறக்குறைய அப்படியே; என்றாலும் மூன்றாம் நாளிலிருந்து உருண்டை கசக்கத் தொடங்கிவிட்டது. வேர்க்கடலையைக் கருக்கிவிட்டேனோ?

ஊறிய கடலை:

வேர்க்கடலை கருகியிருந்தால் முதல் நாளே கசந்திருக்கும். ஆளி விதைப் பொடி பழையதாகிவிட்டது என்று நினைக்கிறேன். பொடித்ததும் அதன் எண்ணெய் காற்றுப் பட்டு விரைவில் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும். இரண்டு மூன்று நாள்களுக்குத் தேவையானதை மட்டும் பொடித்து, உருண்டைகளை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.