உள்ளுக்குள்ள கேட்ட அந்த ஒரு வார்த்தை

தனக்குள்ள ஒரு சத்தம் தன்னைத் திட்டிக்கிட்டே இருக்குன்னு ஒரு தம்பி எழுதினதப் படிச்சிட்டு சும்மா போக மனசு வரல, அதான் நானும் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

சின்ன வயசுல வீட்ல ஒருத்தர் என்னை எதுக்கெடுத்தாலும் "உதவாக்கரை"ன்னு தான் சொல்லுவாங்க. அவங்க போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, ஆனா அந்த வார்த்தை போகல, என் குரல்லயே உள்ள இருந்து பேச ஆரம்பிச்சிருச்சு. பால் பொங்கி வழிஞ்சா உதவாக்கரை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட மறந்தா உதவாக்கரை, ஆபீஸ்ல ஒரு என்ட்ரி தப்பாப் போச்சுன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. சர்ச்சுல நல்லாப் பாடுவேன், வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே திரும்ப ஆரம்பிச்சிரும். ரொம்ப வேதனை எதுன்னா, "உனக்கு விசுவாசம் பத்தல, அதான் இப்படி இருக்க"ன்னு அதே சத்தம் பைபிள் பாஷையிலயும் பேசும்.

ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து நோன்பு நாள் ஒண்ணுல எங்க தெருவுல வீட்டு ஜெபம். முடிஞ்சதும் காப்பி டம்ளர் கழுவிட்டு இருந்தேன், ஒரு கண்ணாடி டம்ளர் கை நழுவி உடைஞ்சிருச்சு, நான் வாய்விட்டே என்னைத் திட்டிட்டேன் போல. அந்த வீட்டுப் பாட்டி கேட்டுட்டாங்க. சில்லு பொறுக்கிட்டே சொன்னாங்க, "எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி அடியில படுத்துக்கிட்டு போதும் கர்த்தாவே, நான் என் பிதாக்களை விட நல்லவன் இல்லன்னு அழுதாருல்லா, கர்த்தர் அவரைத் திட்டினாரா மக்ளே? தூதனை அனுப்பி அடையும் தண்ணியும் குடுத்துல்லா தூங்க விட்டாரு." பைபிள்ல இது வர்ற 1 இராஜாக்கள் 19-ஐ நான் எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், அந்த அடை என் கண்ணுல பட்டதே இல்ல.

பாட்டி 42-ம் சங்கீதம் வாசிக்கச் சொன்னாங்க. பைபிள்ல இருக்கிற பாட்டு அது, கோராகின் புத்திரர்ங்கிற ஆலயப் பாடகர்களோட சங்கீதம். "உன் தேவன் எங்கே"ன்னு மத்தவங்க நாள்தோறும் கேட்டுக் கேட்டு அதைப் பாடுற மனுஷன் உள்ளம் இடிஞ்சு கிடக்கு, அப்போ அவர் தன் ஆத்துமாவப் பாத்தே கேக்குறாரு, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" உள்ள வர்ற சத்தத்துக்கு பதில் சொல்லலாம்னே எனக்கு அது வரைக்கும் தெரியாது, கேட்டுட்டு அழ மட்டும் தான் தெரியும். அதே வசனம் 42:5ல, 42:11ல, அப்புறம் 43:5ல, மூணு தடவை வருது. ஒரு தடவை சொல்லி அவருக்கே தீரல. அதப் பாத்த அன்னிக்குத் தான், திரும்பத் திரும்ப கலங்குறது விசுவாசக் குறைவு இல்லன்னு எனக்கு நெஞ்சு லேசாச்சு.

நடுவுல தூக்கமே இல்லாமப் போனப்போ டாக்டரையும் பாத்தேன், ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். ஜெபம் பண்றவ ஏன் மாத்திரை போடணும்னு சிலர் கேட்டாங்க, எனக்கு அதுவும் அந்த அடை மாதிரி தான். சாகணும்னு தோணுறவங்க இதப் படிச்சா தயவுசெஞ்சு இன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, டாக்டரப் பாருங்க, எலியாவுக்கும் சாகணும்னு தான் தோணுச்சு, அவருக்கும் உதவி வந்துச்சு.

சத்தம் இன்னும் முழுசாப் போகல. போன வாரம் ஒரு பில்லை மாத்திப் போட்டுட்டேன், பஸ்ல ஏறி உக்காந்ததும் உதவாக்கரைன்னு வந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவா வசனத்தச் சொன்னேன். ரெண்டு ஸ்டாப் தாண்டி மறுபடி வந்துச்சு, மறுபடி சொன்னேன். வீட்டுக்குப் போய் ரெண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டுட்டு படுத்தேன், தூங்கிட்டேன்.