காரைக்குடியில் வீட்டிலேயே இன்டர்கூலர் மாற்றலாமா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. என்னுடையது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போனால் சீறிக்கொண்டு போகிறது. சித்திரை வெயிலில் மதியம் திருமயம் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்குள் அதற்கு மூச்சு வாங்குகிறது. காரின் கணினித் தகவலைக் காட்டும் ஓபிடி கருவி போட்டுப் பார்த்தேன். நெரிசலில் ஏசியோடு பத்து நிமிடம் நின்றதும் இன்ஜினுக்குள் போகும் காற்று 68 டிகிரி! சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. நாக்கிங் (எரிபொருள் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க இன்ஜின் கணினியான ஈசியூவும் ஸ்பார்க் டைமிங்கைக் குறைத்துவிடும். இழுவை போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரியதாக வாங்கி நானும் மச்சானும் பின்வாசலிலேயே மாட்டுவதாக இருக்கிறோம். கழற்றிய பம்பரை வைக்க வீட்டு முகப்பில்தான் இடம். ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் அப்பத்தா கம்பை எடுத்துவிடும், அதனால் சாக்கு விரித்தாயிற்று.

குழப்பம் இதுதான். இன்டர்கூலரில் பார் அண்ட் பிளேட் வகை சூடேற நேரமாகும், ஆனால் கனம். டியூப் அண்ட் ஃபின் லேசு. நம் ஊர் வெயிலுக்கு எது சரி? ரொம்பத் தடிமனாகப் போட்டால் பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் இன்ஜின் சூடேறுமோ என்றும் பயம். ஈசியூ டியூனைத் தொடாமல் இதை மட்டும் மாற்றியவர்கள் யாராவது உண்டா? அப்புறம், சிலிக்கோன் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அலுமினியம் டிக் வெல்டிங் சுத்தமாகச் செய்கிற பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.