உபுண்டு 22.04-இல் பைத்தான் 3.12 கம்பைல் செய்தபின் பிப் ஓடவில்லை, இப்போது டெர்மினலும் திறக்கவில்லை

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். ப்ராஜெக்டில் என்னோடு இருக்கும் தோழி எழுதித் தந்த ஸ்கிரிப்டில் எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் (மாறியின் மதிப்பை நடுவில் செருகும் சரம்) அதே இரட்டை மேற்கோள்குறி மறுபடியும் வருகிறது. அவளுடைய கணினியில் ஓடுகிறது, என்னுடைய உபுண்டு 22.04-இல் சின்டாக்ஸ் எரர். 3.12-இல் இருந்துதான் அப்படி எழுத முடியும் என்றாள், என்னிடம் இருப்பது 3.10. சரி, சோர்ஸ் கோடை இறக்கி நாமே கம்பைல் செய்துவிடலாம் என்று ஒரு வீடியோவைப் பார்த்துத் தொடங்கினேன். அதில் பில்ட்-எசென்ஷியல், இசட்லிப்1ஜி-டெவ் இரண்டையும் மட்டும் போடச் சொன்னார்கள். பிறகு கான்ஃபிகர், மேக், சுடோ மேக் இன்ஸ்டால். எங்கும் நிற்காமல் முடிந்தது, 3.12 என்று பதிப்பும் காட்டியது.

ஆனால் பிப் (பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் கருவி) வைத்து எதை இறக்கப் பார்த்தாலும், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்றே வருகிறது. பழைய பைத்தான்தான் குறுக்கே நிற்கிறது என்று நினைத்து /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 லிங்க்கை அழித்து, புதிய 3.12-க்குப் போகும்படி மாற்றினேன். அப்போதும் பிப் ஓடவில்லை. அதோடு உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஏபிடியில் அப்டேட் கொடுத்தால் கடைசியில் ஏபிடி_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை என்று ஒரு நீளமான எரர். ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். இப்போது டெர்மினல் ஐகானை அழுத்தினால் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. இதை போனில் இருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை டெமோ. உபுண்டுவையே மறுபடி போட வேண்டுமா?

நிழல்மரம்:

ஏபிடி_பிகேஜி பிரச்சினை எனக்கும் வந்திருக்கிறது. /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் ஏபிடி_பிகேஜி என்று தொடங்கும் எஸ்ஓ ஃபைல் ஒன்று இருக்கும், பெயரின் நடுவில் 310 என்று வரும். அந்த எண் இல்லாமல் வெறும் பெயரில் அதற்கு ஒரு லிங்க் போட்டுப் பாருங்கள். எனக்கு எரர் போய்விட்டது.

மணல்வீடு:

மேலே நண்பர் சொன்னதைச் செய்ய வேண்டாம் தம்பி. அந்த ஃபைல் பெயரில் இருக்கும் 310 சும்மா ஒட்டிய எண் இல்லை. அது சி++ இல் எழுதி, பைத்தான் 3.10-க்கென்றே கம்பைல் செய்த மாட்யூல். 3.12-இன் உள்ளமைப்பு வேறு. எண்ணைப் பார்த்துத்தான் "இது எனக்கானது இல்லை" என்று 3.12 அதைத் தொடாமல் விடுகிறது. எண்ணை மறைத்துவிட்டால் எடுத்துக்கொள்ளும், பிறகு எங்கே எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எரர் மறைவதும் பிரச்சினை தீர்வதும் ஒன்றல்ல.

உபுண்டுவை மறுபடி போடவும் வேண்டாம், ஒரே வரியில் சரியாகும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய் இதை அடியுங்கள்: சுடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. நீங்கள் அழித்தது லிங்க்கை மட்டும்தான், பைத்தான்3.10 என்ற உண்மையான ஃபைல் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. முடித்துவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரை வந்துவிடும். டெர்மினல் திறக்கும்.

ஏன் டெர்மினல் திறக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உபுண்டுவில் க்னோம்-டெர்மினல் என்று நாம் கூப்பிடுவது முதலில் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்டைத்தான் ஓட்டும். அதன் முதல் வரியிலேயே /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று முழுப் பாதை எழுதியிருக்கும். அது ஜிஐ என்ற மாட்யூலை இம்போர்ட் செய்யும், அதுவும் 3.10-க்குக் கம்பைல் ஆனது. நீங்கள் 3.12-ஐக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தியதும் ஸ்கிரிப்ட் விழுந்துவிட்டது, எரரைக் காட்ட வேண்டிய டெர்மினலே அதுதான் என்பதால் உங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. ஏபிடி அப்டேட்டின் கடைசியில் வந்த எரரும் இதே கதைதான். ஏபிடி சி++ நிரல், அது நன்றாகத்தான் ஓடியிருக்கும். அது முடிந்தபின் கமாண்ட் பட்டியலைப் புதுப்பிக்க ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட்தான் விழுந்தது. உபுண்டு தன் வேலைக்காக வைத்திருக்கும் பைத்தான் அது. அதைத் தொடவே கூடாது. நமக்கு வேண்டியதைத் தனியாக, வேறு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எஸ்எஸ்எல். மேக் முடியும்போது கடைசி இருபது வரிகளைப் படித்தீர்களா? அங்கே சில மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் வந்திருக்கும், அதோடு எஸ்எஸ்எல் மாட்யூலைக் கட்ட முடியவில்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் புதியது வேண்டும் என்றும் சொல்லியிருக்கும். பைத்தான் இந்த இடத்தில் மேக்கை நிறுத்தாது, அந்த மாட்யூல்கள் இல்லாமலே கட்டி முடித்துவிடும். அதனால்தான் எல்லாம் சரியாக முடிந்தது போல் உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2 ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் ஓடுவதற்கான பகுதி மட்டும். கம்பைல் செய்ய அதன் ஹெடர் ஃபைல்கள் வேண்டும், அவை டெவ் என்று முடியும் தனிப் பேக்கேஜில் வரும்.

எனவே இவற்றை ஏபிடி வழியாகப் போடுங்கள்: லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்ரீட்லைன்-டெவ். ஜன்னல் வைத்த நிரல் எழுதுவதாக இருந்தால் டிகே-டெவ்-உம். எஃப்எஃப்ஐ இல்லாவிட்டால் சி லைப்ரரிகளைக் கூப்பிடும் சிடைப்ஸ் மாட்யூல் வராது, அதை நம்பியிருக்கும் லைப்ரரிகள் நிறைய. ரீட்லைன் இல்லாவிட்டால் பைத்தான் ப்ராம்ப்ட்டில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வராமல் ஏதோ குறிகள் விழும்.

பிறகு பழைய சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு டார் ஃபைலைப் புதிதாகப் பிரியுங்கள். கான்ஃபிகர் கொடுக்கும்போது ப்ரிஃபிக்ஸ் என்ற ஆப்ஷனில் உங்கள் ஹோமுக்குள்ளேயே பைத்தான்312 என்று ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள், முழுப் பாதையாக. அப்போது சுடோவே தேவைப்படாது. மேக் -ஜே4, கடைசி வரிகளைப் படியுங்கள், பட்டியலில் உங்களுக்கு வேண்டிய மாட்யூல் எதுவும் இல்லாவிட்டால் மேக் ஆல்ட்இன்ஸ்டால். இன்ஸ்டால் கொடுத்தால் பைத்தான்3 என்ற பொதுப் பெயரிலும் லிங்க் போடும், ஆல்ட்இன்ஸ்டால் பைத்தான்3.12 என்ற பெயரோடு நின்றுவிடும்.

தறியோசை:

மணல்வீடு அண்ணா சொன்னது முழுவதும் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பைத்தான் சோர்ஸில் மேக் அன்இன்ஸ்டால் கிடையாது. நீங்கள் முதலில் சுடோ வைத்துப் போட்டது /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் இன்னும் கிடக்கும், அதன் "பின்" என்ற ஃபோல்டரில் பைத்தான்3 என்றும் ஒரு லிங்க் இருக்கும். ஷெல் லோக்கலைத்தான் முதலில் தேடும் என்பதால் நீங்கள் வெறுமனே பைத்தான்3 என்று அடித்தால் எஸ்எஸ்எல் இல்லாத அந்தப் பழைய 3.12 தான் எழும். லோக்கலின் பின்னுக்குள் பைத்தான்3, பிப்3, பைடாக்3, ஐடில்3 என்றும் 3.12 என்றும் இருப்பவை, லிப்பிலும் இன்க்லூடிலும் இருக்கும் பைத்தான்3.12 ஃபோல்டர்கள், இவற்றைக் கையால் அழிக்க வேண்டும். அழிக்கும்முன் பாதையில் லோக்கல் என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது விட்டுப்போனால் சிஸ்டம் பைத்தானையே அழித்துவிடுவீர்கள். பிறகு ஹாஷ் -ஆர் என்று ஒரு தடவை அடியுங்கள், பாஷ் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும்.

அடுத்தது, திங்கட்கிழமை டெமோ என்றால் எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் ஆப்ஷனை இப்போது போடாதீர்கள். அதைப் போட்டால் பைத்தானை ஒருமுறை கட்டி, அதன் டெஸ்ட்களை ஓட்டி, எந்தக் கோடு அதிகம் ஓடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கை வைத்து மறுபடி கட்டும். வேகம் கூடும், ஆனால் பழைய லேப்டாப்பில் நெடுநேரம் பிடிக்கும். உங்கள் ஸ்கிரிப்டுக்குச் சாதாரண பில்டே போதும்.

கையால் கம்பைல் செய்யவே வேண்டாம் என்றால், பல பைத்தான் பதிப்புகளைப் போட்டுத்தரும் பைஎன்வ் என்ற கருவி இருக்கிறது. அதுவும் சோர்ஸை இறக்கிக் கம்பைல்தான் செய்யும், அதற்கும் அதே டெவ் பேக்கேஜ்கள் வேண்டும். டெட்ஸ்நேக்ஸ் பிபிஏவில் (உபுண்டுவுக்கான தனிப் பேக்கேஜ் களஞ்சியம்) கட்டி முடித்த பேக்கேஜாகவே கிடைக்கும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள் என்பேன், எந்த மாட்யூல் எந்த லைப்ரரியை நம்பி நிற்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

வைகைக்கரை:

அண்ணா, டெர்மினல் திறந்துவிட்டது! எஃப்3 அழுத்தியதும் கறுப்புத் திரை வந்தபோது கை நடுங்கியது, பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடக் காட்டவில்லை. இரண்டாவது முறை உள்ளே போனேன். அந்த ஒரு வரிதான். ஏபிடி அப்டேட்டும் எரர் இல்லாமல் முடிந்தது.

டெவ் பேக்கேஜ்கள் போட்டு, ஃபோல்டரை அழித்துப் புதிதாகச் செய்தேன். நான்கு கோரில் ஐந்து நிமிடத்துக்குள் மேக் முடிந்துவிட்டது. இந்த முறை கடைசி வரிகளைப் படித்தேன், _டிகின்டர், _ஜிடிபிஎம் போன்ற சில மட்டும் இல்லை என்று வந்தது. அவை எனக்கு வேண்டாம், விட்டுவிட்டேன். பைத்தான்3.12-இல் எஸ்எஸ்எல்லை இம்போர்ட் செய்து பதிப்பைக் கேட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2, 15 மார்ச் 2022 என்று சொல்கிறது. லோக்கலில் கிடந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்தேன். தோழியின் ஸ்கிரிப்ட் ஓடுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். அவள் பயன்படுத்தும் பழைய லைப்ரரி ஒன்று டிஸ்ட்யூட்டில்ஸ் (லைப்ரரிகளைக் கட்டி நிறுவும் மாட்யூல்) இல்லை என்று நின்றுவிடுகிறது. இதுவும் ஏதாவது டெவ் பேக்கேஜ் விட்டுப்போனதாலா?

மணல்வீடு:

இல்லை தம்பி, உங்கள் பில்டில் குறை எதுவும் இல்லை. டிஸ்ட்யூட்டில்ஸை 3.12-இல் பைத்தானே எடுத்துவிட்டது. முதலில் பைத்தான்3.12 -எம் வென்வ் கொடுத்து ப்ராஜெக்டுக்கு ஒரு தனி என்விரான்மென்ட் உருவாக்குங்கள். அதற்குள் பிப் வழியாக செட்அப்டூல்ஸ் போடுங்கள், அது டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதியைத் தன்னோடு கொண்டுவரும், பெரும்பாலான பழைய லைப்ரரிகளுக்கு அது போதும். 3.12-இல் இருந்து வென்வ் அதைத் தானாகப் போடாது, நாம்தான் போட வேண்டும். அந்த லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

புதிய பதிப்பு இருந்தது அண்ணா, வென்வுக்குள் போட்டேன், ஓடிவிட்டது. நிழல்மரம், உங்கள் கணினியிலும் அந்த லிங்க்கை எடுத்துவிடுங்கள்.

நிழல்மரம்:

நேற்றே எடுத்துவிட்டேன். என் பைத்தான்3 லிங்க்கும் இத்தனை நாளாக மாறித்தான் கிடந்தது, அதையும் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். மணல்வீடு, விளக்கத்துக்கு நன்றி.