வெனிஸில் தங்க எந்தப் பகுதி சரி: தீவுக்குள்ளா, மெஸ்த்ரேயிலா?

பயணப்பை:

நவம்பர் முதல் வாரத்தில் வெனிஸ் போகத் திட்டம், நான்கு இரவு. நாங்கள் இருவர், எட்டு வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி, சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். இரண்டு பெரிய சூட்கேஸ், இரண்டு சிறியவை. மார்க்கோ போலோ விமான நிலையத்தில் இறங்குகிறோம், கடைசி நாள் ரயிலில் ஃபிளாரன்ஸ்.

தீவின் நடுவே சான் மார்க்கோ சதுக்கத்தின் பக்கம் சின்ன அறைக்கே விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் பெரிய அறை அதில் பாதிக்குக் கிடைக்கிறது. போக வர நேரம் எவ்வளவு போகும்? தீவுக்குள் என்றால் எந்தப் பகுதியில் தேடலாம்? நவம்பரில் வெள்ளம் வரும் என்கிறார்களே, அதற்காக இடத்தை மாற்ற வேண்டுமா? பகல் நுழைவுக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதுவும் குழப்பமாக இருக்கிறது.

வாய்க்கால்கரை:

சான் மார்க்கோவிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்த்துத் தேடாதீர்கள். படகுத் துறையிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ உங்கள் வாசல்வரை எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்று பாருங்கள். வெனிஸில் நானூற்றுக்கும் மேல் பாலங்கள், அநேகமாக எல்லாமே படிக்கட்டுப் பாலங்கள். இருபது கிலோ சூட்கேஸைச் சக்கரத்தில் இழுத்துப் போகலாம் என்ற கணக்கு முதல் பாலத்திலேயே உடைந்துவிடும். வரைபடச் செயலி 'எட்டு நிமிட நடை' என்று காட்டும் வழியில் நான்கு பாலம் இருந்தால், பெட்டியும் அம்மாவுமாக அது இருபது நிமிடம்.

உங்களுக்கு என் தேர்வு கன்னரேஜோ, அதிலும் குல்யே பாலத்தைச் சுற்றிய பகுதி. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா தெரு. சான் ஜெரேமியா திடல்வரை ஒரு படி கூடக் கிடையாது. அதன் பிறகு நான்கு மூலையிலும் கூர்ந்த கல்தூண் நிற்கும் குல்யே பாலம். அந்த ஒன்றைக் கடந்தால் ரியோ தெரா சான் லெயோனார்தோ. காய்கறிக் கடைகள் இருக்கும் அகலமான தெரு, மறுபடியும் சமதரை. பெயரில் 'ரியோ தெரா' என்று வந்தால் முன்பு வாய்க்காலாக இருந்து மண்ணால் மூடப்பட்ட தெரு என்று பொருள். அதனால்தான் அவை அகலமாகவும் மட்டமாகவும் இருக்கின்றன. அறை தேடும்போது இந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

லிஸ்தா தி ஸ்பான்யா தெருவிலேயே தங்குவது வேண்டாம். பெட்டிச் சக்கரச் சத்தம் விடியற்காலையில் தொடங்கிவிடும், சாப்பாட்டுக் கடைகளும் சுமார்தான். இரண்டு சந்து உள்ளே தள்ளிப் போனாலே ஊர் அமைதியாகிவிடும்.

விமான நிலையத்திலிருந்து அலிலகூனா படகின் ஆரஞ்சுத் தடம் குல்யேயிலேயே நிற்கிறது. பஸ்ஸைவிட மெதுவாகப் போகும், கட்டணமும் கூடுதல். ஆனால் பெட்டியைத் தூக்கும் வேலை மிச்சம். பஸ் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பியாத்ஸாலே ரோமா, தீவில் பஸ்கள் வந்து நிற்கும் இடம். அங்கிருந்து ரயில் நிலையப் பக்கம் போக 2008இல் திறந்த, கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்த பாலம் குறுக்கே வரும். நீளமான படிகள், மழையில் வழுக்கும் என்று பெயரெடுத்தவை. அம்மாவோடு அதில் ஏறாதீர்கள். ஒரு நிறுத்தம்தான் என்றாலும் வப்போரேத்தோ என்ற பயணிகள் படகில் ஏறிவிடுங்கள்.

தண்டவாளம்:

மெஸ்த்ரே என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு அதையும் நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மெஸ்த்ரே நிலையத்திலிருந்து சாந்தா லூச்சியாவுக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம். உள்ளூர் ரயில் கட்டணம் ஒரு வழிக்கு ஒன்றரை யூரோ அளவில். பகலில் அடிக்கடி ரயில் உண்டு. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்கக் கூடாது, இல்லையென்றால் அபராதம். நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ்ஸும், ஊர் நடுவே சால்தீனி நிறுத்தத்திலிருந்து டி1 டிராமும் பியாத்ஸாலே ரோமாவுக்குப் போகின்றன.

நேரம் தொலைவது ரயிலில் இல்லை. அறையிலிருந்து நிலையத்துக்கு நடை, ரயிலுக்குக் காத்திருப்பு, அந்தப் பக்கம் இறங்கிப் படகுக்குக் காத்திருப்பு, பிறகு படகு. 1ஆம் எண் படகு பெருவாய்க்காலில் ஒவ்வொரு துறையாக நின்று சான் மார்க்கோ சேர முக்கால் மணி ஆகும். வாசலிலிருந்து சதுக்கம்வரை ஒன்றேகால் மணி என்று வையுங்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், மதியம் அறைக்குத் திரும்பி அம்மா காலை நீட்டிப் படுக்க முடியாது. காலையில் கிளம்பினால் இரவுதான்.

மெஸ்த்ரேயில்தான் என்று முடிவானால், நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் மட்டும் பாருங்கள். 'வெனிஸ்' என்று பெயரில் போட்டுக்கொண்டு நிலையத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கும் விடுதிகள் நிறைய. அஞ்சல் குறியீடு பொய் சொல்லாது: 30121 கன்னரேஜோ, 30122 கஸ்தெல்லோ, 30123 தொர்சொதூரோ, 30124 சான் மார்க்கோ, 30125 சான் போலோ, 30135 சாந்தா குரோச்சே. 30171 முதல் 30174 வரை இருந்தால் அது மெஸ்த்ரே, 30175 மார்கேரா. ஃபிளாரன்ஸ் போகும் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் மெஸ்த்ரேயிலும் நிற்கும் என்பதால் கடைசி நாள் சிரமமில்லை.

நுழைவுக் கட்டணம் உங்களைத் தொடாது. 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. இதுவரை ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட குறித்த நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரைதான் வசூல். இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது, மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. ஆனால் அந்த மாதங்களில் போகிறவர்கள், தங்குவதைக் காட்டி இணையத்தில் பதிவு செய்து விலக்குக்கான கியூஆர் குறியீட்டை எடுத்தே ஆக வேண்டும். பக்கத்து ஊர்களான பாதுவாவிலோ திரெவீசோவிலோ தங்கிப் பகலில் வந்து போகும் பயணிகளுக்கு அந்த விலக்கு இல்லை.

ஓதமானி:

வெள்ளத்தைப் பற்றி. 110 செ.மீ. ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், என்று செய்தியில் வந்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்துப் பலர் பயணத்தையே தள்ளிவைக்கிறார்கள். அந்த அளவு தெருவிலிருந்து எடுப்பதல்ல. சலூத்தே முனையில் 1897இல் குறித்த கடல்மட்டத்திலிருந்து எடுப்பது. சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று, 80 செ.மீ.யைத் தாண்டியதும் அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். 110 ஆனாலும் சதுக்கத்தில் முழங்காலுக்குக் கீழேதான். ஊரின் பெரும்பகுதி அப்போதும் காய்ந்தே கிடக்கும்.

2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்புக் கதவுகள் வேலை செய்கின்றன. ஓதம் 110ஐத் தொடும் என்ற முன்னறிவிப்பு வந்தால் வெனிஸைச் சூழ்ந்த காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் கதவுகள் எழும்பிக் கடலை மறித்துவிடும். 2019 நவம்பர் 12இல் 187 செ.மீ. வந்ததே, அதுபோன்ற இரவுக்காகத்தான் அது கட்டப்பட்டது. ஆகவே உங்களுக்கு மிச்சமிருக்கும் தொல்லை 80க்கும் 110க்கும் இடைப்பட்ட நாட்கள். அப்போது சதுக்கமும் அதை ஒட்டிய சந்துகளும் ஓத உச்சத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நனையும், பலகை நடைபாதை போடுவார்கள். நவம்பரில் சான் மார்க்கோ பக்கம் அறை வேண்டாம் என்பதற்கு விலையை விட்டால் இதுதான் காரணம். நகராட்சியின் ஓத முன்னறிவிப்பு மையம் அடுத்த சில நாட்களின் உச்ச நேரத்தை மணி வாரியாக வெளியிடுகிறது. சதுக்கத்துக்குப் போகும் நேரத்தை அதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பகுதியானாலும் தரைத்தள அறை எடுக்காதீர்கள். தண்ணீர் உள்ளே வராவிட்டாலும் உப்பு ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும்; புகைப்படத்தில் சுவரின் கீழ் ஒரு முழம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தாலோ, அந்த உயரத்துக்குப் பலகை அடித்திருந்தாலோ காரணம் அதுதான். முதல் தளம் போதும். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், 'இருக்கிறது' என்ற பதிலோடு லிஃப்ட் வரைக்குமே பத்துப் படி இருக்கும். 'தெருக் கதவிலிருந்து அறைக் கதவுவரை மொத்தம் எத்தனை படி' என்று கேளுங்கள், எண்ணில் பதில் வாங்குங்கள்.

அறைச் சூட்டுக்கு நவம்பரில் கவலையில்லை. வெனிஸில் கட்டடங்களைச் சூடாக்க அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதி உண்டு.

பயணப்பை:

மிக்க நன்றி. இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று 30121, சான் மர்க்குவோலா துறைக்குப் பக்கம், முதல் தளம், சமையலறை உண்டு. இன்னொன்று 30123, சாந்தா மர்கரீத்தா திடலைப் பார்த்த மாடி, விலை கொஞ்சம் குறைவு. எது நல்லது? படகுக்கு நாள் சீட்டு எடுக்க வேண்டுமா?

வாய்க்கால்கரை:

முதலாவது, யோசிக்கவே வேண்டாம். சாந்தா மர்கரீத்தா அழகான திடல்தான். ஆனால் பல்கலைக்கழகம் பக்கத்தில், மாணவர்கள் நள்ளிரவு தாண்டியும் அங்கேதான் நிற்பார்கள். திடலைப் பார்த்த ஜன்னல் என்பது விளம்பரத்தில் வசதி, இரவில் தண்டனை. சான் மர்க்குவோலாவில் 1, 2 இரண்டு படகும் நிற்கும், துறையிலிருந்து சான் லெயோனார்தோ தெருவுக்குப் பாலமும் இல்லை.

ஒற்றைப் பயணம் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, 24 மணி 25, 48 மணி 35, 72 மணி 45. கடிகாரம் முதல் முறை இயந்திரத்தில் காட்டும்போதுதான் ஓடத் தொடங்கும். ஆகவே வந்த நாள் மாலை வீட்டுப் பக்கமே சுற்றிவிட்டு மறுநாள் காலை தொடங்கினால், 72 மணியில் மூன்று முழு நாள் கிடைக்கும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காட்ட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ்தான் இலவசம், பையனுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். ஆனால் 6 முதல் 29 வயதுவரை 'ரோலிங் வெனிஸ்' அட்டை எடுத்தால் 72 மணிச் சீட்டு கணிசமாகக் குறையும். விமான நிலைய பஸ்ஸும் அலிலகூனாவும் இதில் சேராது.

அம்மாவுக்காக ஒன்று. 1, 2ஆம் எண் படகுகளில் துறையிலிருந்து நேராகத் தளத்துக்குக் கால் வைக்கலாம். தீவைச் சுற்றிப் போகும் 4.1, 4.2, 5.1, 5.2 வேறு வகைப் படகு. இருக்கைக்குப் படியிறங்கிக் குனிந்து போக வேண்டும். சற்றுச் சுற்று வழியானாலும் 1ஆம் எண்ணையே பிடியுங்கள்.

தண்டவாளம்:

வீடு எடுக்கும் முன் இரண்டு விஷயம். விளம்பரத்தில் சி.ஐ.என். எண், அதாவது வாடகை வீட்டுக்கான அரசின் அடையாளக் குறியீடு, இருக்க வேண்டும். இத்தாலியில் வாடகை விளம்பரங்களுக்கு 2025 ஜனவரி முதல் அது கட்டாயம். இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள். அடுத்தது முகவரி. வெனிஸில் கதவு எண் தெருவுக்குத் தெரு அல்ல, பகுதி முழுக்க ஒரே வரிசையாக ஓடும். 'கன்னரேஜோ' என்று ஆரம்பித்து நாலு இலக்க எண் என்று மட்டும் முகவரி இருக்கும், தெருப் பெயரே இருக்காது. ஒரே தெருப் பெயர் இரண்டு மூன்று பகுதிகளில் வேறு உண்டு. வீட்டுக்காரரிடம் வரைபடப் புள்ளியும், துறையிலிருந்து வாசல்வரைக்குமான புகைப்படங்களும் கேட்டு, இணையம் இல்லாமலே திறக்கும்படி கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் வரி தனி. ஆளுக்கு, இரவுக்கு, விடுதித் தரத்தைப் பொறுத்துச் சில யூரோ. தொடர்ந்து ஐந்து இரவுவரைதான். பத்து வயதுக்குக் கீழ் விலக்கு என்பதால் பையனுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் விவரத்தை வீட்டுக்காரர் போலீஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்காகக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை.

கடைசி நாள் ரயில் மாலையில் என்றால் பெட்டிகளைக் காலையிலேயே சாந்தா லூச்சியா நிலையத்தின் சாமான் காப்பகத்தில் போட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து அங்கே குல்யே பாலம் ஒன்றுதான், அதுவும் வேண்டாமென்றால் சான் மர்க்குவோலாவில் படகு ஏறினால் ரயில் நிலையத் துறையான ஃபெர்ரோவியா இரண்டே நிறுத்தம்.